எக்ஸ்பிரஸை மறித்தவள்

திரௌபதிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. சனிக்கிழமை சாயங்காலம் பெண்ணாடம் ஸ்டேஷனில் இறங்கும்போது ரயில் சிநேகிதிகளிடம் "வரேன்டி" என்று சொல்வதுதான் அந்த வாரத்தின் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு வீட்டில் அவளும் சுவரும்தான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பாள், அரிசி புடைப்பாள், வாசலைக் கூட்டியதையே மறுபடி கூட்டுவாள். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வந்து "வண்டி அரியலூரை வுட்டுட்டுதா?" என்று யாரையாவது கேட்கும்போது தொண்டை கரகரவென்று இருக்கும்.

புருஷன் கொளஞ்சிநாதன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. முதலில் மாதத்துக்கொரு தரம் வந்தான். பிறகு தீபாவளிக்கு வந்தான். பிறகு அங்கேயே வேறொரு குடும்பம் ஆகிவிட்டதென்று சேதி வந்தது. பிள்ளை குட்டி இல்லை. திரௌபதி யாரிடமும் போய் நியாயம் கேட்கவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சில் வார்த்து எடுத்த பச்சைமண் பொம்மைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற வேலை. வாத்துக்கு அலகு உடையக் கூடாது, பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடையக் கூடாது. கண்ணையும் கையையும் கேட்கிற வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளோடு பேச முடியாது. பேசினால் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் செருமுவார்.

ஆகையால் பேச்சு முழுக்க ரயிலில்தான். காலை பாசஞ்சரில் எஞ்சினுக்கு அடுத்த பெட்டிகளில் ஒன்று அவர்களுடையது. முன்பதிவெல்லாம் கிடையாது, ஆனால் யார் எங்கே உட்காருவது என்பது பட்டா போட்ட மாதிரி. கீரைக்கூடையோடு வரும் வீரம்மாள், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கனிமொழி, ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் உதவியாளராக இருக்கும் நடராசன். ஜன்னலோரம் திரௌபதிக்கு. அவள் ஏறுகிறவரைக்கும் கனிமொழி அந்த இடத்தில் தன் டிபன் பையை வைத்திருப்பாள். யாராவது நகர்த்தச் சொன்னால், "ஆள் வருது, ஆள் வருது" என்பாள். தனக்காக ஒருத்தி இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்பதே திரௌபதிக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்த ரயில் நேரத்துக்கு வந்தால்தான் ஆச்சரியம். ஒற்றை லைன். எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சரை ஓரத்து லைனில் தள்ளி நிறுத்திவிடுவார்கள். பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் வந்தாலும் அப்படித்தான். சரக்கு வண்டிக்குக்கூட இது வழிவிட்டு நிற்கும். எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் பஸ் ஏறி இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து மறுபடி கம்பெனிக்கு நடந்து போய்ச் சேருவதும் இதே நேரத்தைத்தான் தின்றது. அதுபோக, பஸ்ஸில் கனிமொழி இல்லை.

வண்டி நிற்கும்போதெல்லாம் நடராசன் எழுந்து நின்று பேசுவார்.

"நாமெல்லாம் மனுசங்களா தெரியல அவனுங்களுக்கு. எளக்காரம். ஒரு நாளைக்கு எறங்கித் தண்டவாளத்துல உக்காந்தாத்தான் புத்தி வரும்."

"நீங்க மொதல்ல உக்காருங்க சார், நாங்க பின்னாலேயே வரோம்" என்பாள் வீரம்மாள். பெட்டியே சிரிக்கும். திரௌபதியும் சிரிப்பாள். தாமதம் அவளுக்கு எரிச்சலூட்டியதுதான், ஆனால் அந்தச் சிரிப்பும் அந்தத் தாமதத்தில்தான் கிடைத்தது.

ஆனந்தராஜ் செருமுவதோடு நிறுத்திக்கொள்ளாத நாளும் வந்தது. மழைக்காலம் முடிந்து ஆர்டர்கள் குவிந்திருந்த சமயம். திரௌபதி அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகத் தாமதமாக வந்து கேட்டருகே நின்றாள்.

"ஏம்மா, ஒனக்காக மண்ணு காயாம இருக்குமா?" என்றார். "வார்த்து வெச்ச சரக்கு காஞ்சி வெடிச்சிப் போவுது. நீ பாட்டுக்கு ரயிலு ரயிலுங்கற. இன்னொரு வாட்டி லேட்டா வந்தீன்னா அப்படியே திரும்பிப் போயிடு. எனக்கும் மேல ஆள் இருக்குது."

அவள் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்கப் பொம்மைகளை முகத்துக்கு மிக அருகில் பிடித்துத் துடைத்தாள்.

மறுநாள் பாசஞ்சர் பெண்ணாடத்துக்குச் சரியான நேரத்தில் வந்தது. கனிமொழி டிபன் பையை எடுத்துக்கொண்டு, "யக்கா, இன்னைக்கு ஒன் சூப்பர்வைசரு வாயடைச்சிப் போவப் போறாரு" என்றாள். வண்டியும் நன்றாகத்தான் ஓடியது, விருத்தாசலத்துக்கு முந்தின ஸ்டேஷன் வரைக்கும். அங்கே ஓரத்து லைனுக்குத் திரும்பி நின்றது.

பிளாட்பாரம் என்று சொல்ல மண்மேடுதான். ஒரு வேப்பமரம், ஸ்டேஷன் மாஸ்டர் அறை, தண்ணீர் வராத குழாய். ஒரு எக்ஸ்பிரஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சரி, இனிக் கிளம்பும் என்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். கிளம்பவில்லை. எதிர்த்திசையில் ஒரு சரக்கு வண்டி, முடிவே இல்லாதது போல ஊர்ந்து போனது. அதுவும் போயாயிற்று. அப்போதும் சிக்னல் விழவில்லை. வெயில் ஏறிப் பெட்டியின் தகரம் சுட ஆரம்பித்தது. ஒரு கைக்குழந்தை ஓயாமல் அழுதது. வீரம்மாளின் கீரை துவண்டு தலை சாய்ந்தது. அவள் தன் குடிதண்ணீரையே அதன்மேல் தெளித்தாள்.

திரௌபதி இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனாள்.

"சார், எப்ப சார் வுடுவீங்க?"

"இன்னொரு வண்டி பின்னால வருதும்மா. அது போனப்புறம்."

"எங்க வண்டிய அனுப்பிட்டு அதை அனுப்பக் கூடாதா சார்? இதோ இருக்குது விருத்தாசலம். நடந்தாவே போயிடலாம்."

"நான் என்னம்மா பண்றது? கன்ட்ரோல்ல சொல்றதுதான். போ, போய் வண்டியில உக்காரு."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போன் பக்கம் திரும்பிக்கொண்டார். திரௌபதி வாசலில் கொஞ்சநேரம் நின்றாள். இந்த நேரத்துக்குக் கம்பெனி கேட்டைச் சாத்தியிருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போனால் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். நாளைக்கும், அதற்கு அடுத்த நாளும். இனி எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை.

பெட்டிக்குத்தான் திரும்ப நினைத்தாள். கால் அங்கே போகவில்லை. மண்மேட்டிலிருந்து, எக்ஸ்பிரஸ் வரவேண்டிய நடு லைனுக்கு இறங்கினாள். புடவையைச் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, ஜல்லியில் கால் வைத்து, தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தாள். இரும்பு சுட்டது. எழுந்து, தண்டவாளங்களுக்கு நடுவே கிடந்த கட்டையின் மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. "யக்கா, என்னா பண்ற? வண்டி வருது" என்று கனிமொழி ஜன்னலில் இருந்து கத்தினாள். அப்புறம் நடராசனின் குரல் கேட்டது.

"எறங்குங்கய்யா எல்லாரும்! ஒரு பொம்பள உக்காந்துட்டா, நாம பாத்துக்கிட்டு இருக்கறதா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம்!"

மடையைத் திறந்துவிட்டது போல ஜனம் இறங்கியது. கனிமொழி ஓடிவந்து திரௌபதியின் தோளோடு தோளாக உட்கார்ந்தாள். வீரம்மாள் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். வேறு பெட்டிகளிலிருந்து முகம் தெரியாதவர்களெல்லாம் வந்தார்கள். நடராசன் முன்னால் நின்று கையை உயர்த்திக் கோஷம் போட்டார். மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே ஓடிவந்து, தலையில் கைவைத்து, மறுபடி உள்ளே ஓடினார். தூரத்தில் எக்ஸ்பிரஸின் ஊதல் கேட்டது. அது வெளிச் சிக்னலிலேயே நின்றுவிட்டது.

திரௌபதி கோஷம் எதுவும் போடவில்லை. இத்தனை பேர் தன்னைச் சுற்றி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை, கல்யாணத்தன்றுகூட. கனிமொழியின் வியர்வை தன் கையில் ஈரமாகப் படுவதை உணர்ந்தாள். அந்த நேரத்தில் ஆனந்தராஜையும் கம்பெனியையும் அவள் மறந்தே போயிருந்தாள்.

வெகுநேரம் கழித்து ரோட்டுப் பக்கமாக ஒரு ஜீப் புழுதியோடு வந்தது. போலீஸ். வெளி வட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து, பின்புறம் தட்டிவிட்டுக்கொண்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் போல ஒதுங்கினார்கள். "நான் போய் பேசிட்டு வரேன்" என்று நடராசன் போனார். அவர் ஜீப் இருந்த பக்கம் போகவில்லை.

அப்போதுதான் ஓரத்து லைனின் சிக்னல் விழுந்தது. பாசஞ்சரை முதலில் விட்டுவிடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். பாசஞ்சர் நீளமாக ஊதியது.

"வண்டி எடுத்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். வீரம்மாள் கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கனிமொழி திரௌபதியின் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு யக்கா, செயிச்சிட்டோம், வா!" வெகுநேரம் மடக்கி உட்கார்ந்ததில் திரௌபதிக்கு ஒரு கால் மரத்துப் போயிருந்தது. எழுந்தவள் தடுமாறி மறுபடி உட்கார்ந்தாள். பெண் போலீஸ் ஒருத்தி வந்து அவள் இன்னொரு கையைப் பிடித்தாள். கனிமொழி அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தாள், நகரும் வண்டியைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டாள்.

பாசஞ்சர் திரௌபதியின் முன்னால் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போனது. ஜன்னல்களில் சிரித்த முகங்கள். அவளுடைய பெட்டி வந்தபோது ஜன்னலோர இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கனிமொழி கதவருகே நின்று எதையோ சொல்லிக்கொண்டே போனாள், சத்தத்தில் கேட்கவில்லை.

"நீதானே மொதல்ல உக்காந்தது?" என்றாள் போலீஸ்காரி.

"ஆமாங்க."

விருத்தாசலம் ஸ்டேஷனிலேயே இருந்த ரயில்வே போலீஸ் அறைக்கு அவளை ஜீப்பில் கொண்டுபோனார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கேஸ் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்து, ஜாமீன் கையெழுத்துப் போட யாரையாவது வரச்சொல்லு, போய்விடலாம் என்றார்கள்.

யாரை வரச்சொல்வது? அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் ஒன்றே ஒன்றுதான். நடராசன் புதிதாகச் செல்போன் வாங்கியபோது, "எந்த அவசரம்னாலும் அடிங்க" என்று பெட்டியில் எல்லாரிடமும் நம்பரைச் சொல்லி, திரும்பச் சொல்லவைத்துக் கேட்டிருந்தார். போலீஸ்காரி காட்டிய காயின் போனில் அவள் அந்த நம்பரை அழுத்தினாள்.

"அலோ, யாரு?"

"சார், நான் திரௌபதி பேசறேன். ரயிலு திரௌபதி. இங்க டேசன்ல…"

ஆபீஸ் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ராங் நம்பருங்க" என்றது அதே குரல்.

அவள் ரிசீவரை வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "ஆளு இல்லீங்க" என்றாள். சாயங்காலப் பாசஞ்சர் வருவதாக அறிவிப்பு கேட்டது. கனிமொழி இப்போது பிளாட்பாரத்தில் நிற்பாள். போலீஸ் அறை அதே பிளாட்பாரத்தின் கோடியில்தான். திரௌபதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ கடந்து போனார்கள்.

கடைசியில் வாசலில் வந்து நின்றது ஆனந்தராஜ். சட்டையெல்லாம் வெள்ளை மண்தூசி. பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பேட்டை முழுக்க சேதி பரவியிருந்ததாம். கொட்டாங்கச்சி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"நான் ஒரு வார்த்த சொன்னதுக்குத் தண்டவாளத்துல போய் உக்காருவியா? செத்துக் கித்துப் போயிருந்தீன்னா?"

"ஒங்களுக்காக உக்காரலைங்க."

"வேற எதுக்கு?"

அவள் டீயை ஊதினாள். ஆனந்தராஜ் கிளாஸை வைத்துவிட்டு, "நாளைக்கு வேலைக்கு வா. முடிஞ்சவரைக்கும் நேரத்தோட வா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலையில் அவள் பெட்டியில் ஏறியபோது பேச்சு நின்றது. ஜன்னலோரத்தில் டிபன் பை இல்லை; கனிமொழியே உட்கார்ந்திருந்தாள். அவள் பதறி எழுந்து, "உக்காருக்கா" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை. "நான் நேத்து வரணும்னுதான் பாத்தேன்க்கா. வூட்ல அண்ணன் கொன்னுடுவான். போலீசுன்னா…"

"இருக்கட்டும்டி. நீ உக்காரு" என்றாள் திரௌபதி. நின்றுகொண்டே போனாள்.

நடராசன் இரண்டு நாள் பஸ்ஸில் போனார். மூன்றாம் நாள் விருத்தாசலம் பிளாட்பாரத்தில் கூட்டம் கலைந்த பிறகு அவளருகே வந்தார்.

"தங்கச்சி, கோர்ட்ல கேட்டா எம்பேர சொல்லிடாதம்மா. கவர்மென்ட் வேல. ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

ராங் நம்பர் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"சொல்ல மாட்டேன் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நடந்ததுதான் அதிசயம். பாசஞ்சர் நேரத்துக்கு வந்தது. அந்தச் சிறிய ஸ்டேஷனில் நிறுத்தாமல் விட்டார்கள். பெட்டியில் ஒரே கொண்டாட்டம். "நாம அன்னைக்கு உக்காந்தமே, அதான் பயந்துட்டானுங்க" என்று நடராசன் மறுபடி எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். எவ்வளவு பேர் உட்கார்ந்தார்கள், என்ன கோஷம் போட்டார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் எப்படி ஓடினார் என்றெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். திரௌபதி பக்கம் யார் பார்வையாவது வந்தால் கதை அங்கேயே தேங்கிவிடும். யாராவது வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அவள் இருந்தால் அவர்களால் சந்தோஷமாகக் கதை பேச முடியவில்லை என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. ஒருநாள் வீரம்மாள் மட்டும் ஒரு கட்டு முளைக்கீரையை அவள் மடியில் வைத்தாள். திரௌபதி வாங்கிக்கொண்டாள்.

கோர்ட்டில் ஆஜராகும் நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பாசஞ்சர் தாமதம். பழையபடி நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவள் ஓட்டமும் நடையுமாகக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரை ஒருமுறை கூப்பிட்டு முடித்து, இரண்டாம் முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூண்டில் ஏறி மூச்சு வாங்க நின்றாள்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏன் லேட்டு?"

"வண்டி லேட்டுங்கம்மா."

கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டும் உதட்டை மடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "எக்ஸ்பிரஸ் வண்டியை மறித்ததாகச் சொல்றாங்க. உண்மையா?"

"உண்மைதாங்க."

"கூட யார் யார் இருந்தாங்க?"

திரௌபதி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கனிமொழியின் ஈரக்கை, வீரம்மாளின் கூடை, உயர்ந்து தாழ்ந்த நடராசனின் கை எல்லாம் கண்முன் வந்தன. பெயர் சொன்னால் அவர்கள் இங்கே வந்து தன் பக்கத்தில் நிற்பார்கள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"யாரும் இல்லீங்கம்மா. நான் மட்டும்தான் உக்காந்தேன்."

"ஒருத்தி மட்டுமா?"

"ஆமாங்க. ஒருத்திதான்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். ஒரு சிறு அபராதம். அதோடு, கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை.

பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயர்களைக் கூப்பிட்டார்கள். வாய்க்கால் தகராறு, சாராய கேஸ், ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒரு பெண். ஒவ்வொருவரோடும் யாராவது வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணோடு அப்பாவும் தம்பியும் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அறை காலியானது. மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். திரௌபதி வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்து, ஓசைப்படாமல் சாப்பிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

சாயங்காலம் கோர்ட் கலைந்தது. போகலாம் என்று யாரும் வந்து சொல்லவில்லை. கதவைச் சாத்த வந்த ஆள்தான், "இன்னும் என்னாம்மா இங்க?" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை பெண்ணாடத்தில் பாசஞ்சர் வந்து நின்றபோது அவள் தன் பெட்டியைத் தாண்டிப் பின்னால் நடந்தாள். கடைசிக்கு முந்தின பெட்டியில் ஏறினாள். எல்லாம் தெரியாத முகங்கள். கருவேப்பிலங்குறிச்சிக்குத் துக்கத்துக்குப் போகிற ஒரு குடும்பம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது. ஏன் வந்தோம் என்றிருந்தது. வந்தது நல்லது என்றும் இருந்தது.

விருத்தாசலத்துக்கு முந்தின ஸ்டேஷனில் வண்டி ஓரத்து லைனுக்குத் திரும்பி நின்றது. துக்கத்துக்குப் போகிற பெரியவர் வெளியே எட்டிப் பார்த்து அலுத்துக்கொண்டார். "பொணத்த எடுத்துடுவாங்க, இவன் வுடமாட்டான் போலருக்குது."

எதிர் சீட்டில் இருந்த ஒருத்தி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னாள்: "போன மாசம் இதே எடத்துல ஒரு பொம்பள தண்டவாளத்துல படுத்துட்டாளாம். நெய்வேலிக்காரியாம். புருஷன் போலீசுல பெரிய ஆளாம், அந்தத் தைரியம். அப்பறம் கொஞ்ச நாளு ஒழுங்கா வுட்டானுங்க."

"படுக்கல, உக்காந்தாங்க" என்றாள் திரௌபதி.

"ஒனக்குத் தெரியுமா?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். துக்கத்துக்குப் போகிறவர்கள், வெற்றிலைக்காரி, மேல்பலகையில் காலைத் தொங்கவிட்டிருந்தவர்கள். கேட்பதற்குத் தயாராக இருந்த முகங்கள். அவள் வாயைத் திறந்தாள். தொண்டை கரகரத்தது.

"கேள்விப்பட்டேன்" என்றாள்.

"பாவம், அப்பறம் அவளுக்கு என்னா ஆச்சோ" என்றாள் வெற்றிலைக்காரி, துப்புவதற்காக ஜன்னல் பக்கம் சாய்ந்து.

நடு லைனில் எக்ஸ்பிரஸ் இரைச்சலோடு வந்தது. திரௌபதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, புழுதி அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.